பக்கக் கதவு

பாமணி டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவள் நான்.
பதினாறு வருஷம்.
வயசு பார்ப்பதும் என் வேலைதான்.
கண்மையால் மீசை வரைந்துகொண்டு வருவார்கள்
மேலராஜவீதிப் பையன்கள்.
வரிசை நகர்வதற்குள் வியர்வையில்
மீசை உதட்டுக்கு இறங்கிவிடும்.
"எந்த வருஷம் பொறந்தே?" என்பேன்.
பதினெட்டு ஆனவன் பட்டென்று சொல்வான்.
ஆகாதவன்
கூரையைப் பார்த்துக் கழிப்பான்.

போன வாரம் ஓடியது யு.
போஸ்டரில் கொட்டை எழுத்து:
குடும்பத்தோடு வாருங்கள்.
வந்தார்கள், வடுவூரிலிருந்து லோடு ஆட்டோவில்,
தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு.
இடைவேளைக்கு ரெண்டு நிமிஷம் முன்னால்
கட்டியவளை அறைகிறான் கதாநாயகன்.
கன்னத்தைப் பிடித்தபடி சிரிக்கிறாள் அவள்,
திருந்திவிட்டாளாம்.
கொட்டகையே கை தட்டியது.
மடியிலிருந்த ஒன்றரை வயசுக் குழந்தை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்
தானும் தட்டியது
சோற்றுக்கையால்.

இந்த வாரம் ஏ.
முதல் ஆட்டத்துக்கு முண்டியடித்தவர்கள்
பாதியில் பீடி பிடிக்க எழுந்து போனார்கள்.
அவர்கள் நினைத்து வந்தது ஒன்றும் அதில் இல்லை.
ஒரு சமையலறை. ஒரு பொம்பளை.
அறை விழுந்ததும் அடுப்பை அணைக்கிறாள்,
முந்தானையில் கையைத் துடைக்கிறாள்,
புருஷனை நேராகப் பார்த்து
ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்.
அதைத்தான் வெட்டிவிட்டார்கள்.
உதடு அசைகிறது, சத்தம் இல்லை.
மெஷின் கோளாறென்று ஆபரேட்டர் ஜபருல்லா
ஸ்பீக்கர் ஒயரையெல்லாம் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்.

பத்தொன்பது ஆட்டம் பார்த்துவிட்டேன், ஓரமாக நின்று.
பிடிபடவில்லை.
கெட்ட வார்த்தையாம்.
பத்தே முக்கால் கடைசி பஸ்ஸில்
சில்லறை இல்லாதவனிடம் கண்டக்டர் சொல்வதைவிடவா?
பஸ்ஸில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள்.

வியாழக்கிழமை மாலை ஆட்டத்துக்கு
நீடாமங்கலத்துக்காரி ஒருத்தி வந்தாள், மகளோடு.
ஒரு கன்னத்தில் மட்டும்
பவுடர் அதிகம் அவளுக்கு.
பிள்ளைக்குத் தன் சேலையைச் சுற்றிவிட்டிருந்தாள்.
கொசுவத்துக்குக் கீழே
பள்ளிக்கூட நீலம் எட்டிப் பார்த்தது.
"எந்த வருஷம்?"
கூரையைப் பார்க்கக்கூடத் தெரியவில்லை அதற்கு.
"பத்தாவது படிக்கிறேன்" என்றது.
"இவ பாக்கணுங்க" என்றாள் அம்மா.
"எனக்குச் சொல்ல வரல."

விட முடியாதென்றேன்.
ரூல் என்றேன், அபராதம் என்றேன்,
முதலாளி கேமராவில் பார்ப்பார் என்றேன்.
விடவில்லை.
பெருமையாகச் சொல்லவில்லை இதை.

காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு
சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றார்கள்.
அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது.
நான் போய்ப் பக்கக் கதவைத் திறந்துவைத்தேன்.
உள்ளே புழுக்கம், அவ்வளவுதான்.
யார் பார்க்கலாமென்று எழுதியிருக்கிறது
அந்தச் சான்றிதழில்.
யார் கேட்கலாமென்று இல்லை.

ஒரு மணி நேரம்
சுவரைப் பார்த்து நின்றார்கள் ரெண்டு பேரும்.
சுவரில் போன வாரத்துப் போஸ்டர்,
குடும்பத்தோடு என்பது வரைக்கும் ஆடு தின்றது போக மிச்சம்.
பின்னால் ஆற்றில் அன்றைக்குத்தான்
புதுத்தண்ணீர் வந்திருந்தது,
பாட்டிலும் தெர்மாகோலுமாகத் தள்ளிக்கொண்டு.

அறை விழுகிற சத்தம் கேட்டது.
அடுப்பைத் திருகுகிற சத்தம்.
அப்புறம் அந்த ஓட்டை.

ஓட்டைக்குள் ஒரு குரல் விழுந்தது.
நழுவுகிற சேலையைப் பிடித்தபடி,
யாரையும் பார்க்காமல்,
அந்தப் பிள்ளை சொன்னது.
வாசல்படியில் நின்ற எனக்குத்
திரையில் உதடும் வெளியில் குரலும்
ஒன்றாய்ப் பொருந்தின,
எழுத்துக்கு எழுத்து.

அம்மா அதன் வாயைப் பொத்தவில்லை.

ஸ்டாண்டுக்காரர்தான் வந்து
டோக்கன் எங்கே என்று கேட்டார்.
சைக்கிள் இல்லாதவர்கள்
இங்கே நிற்கக் கூடாதாம்.