யார் சாண்

தொடை நாற்பத்து நாலரை.
கெண்டைக்கால் முப்பத்தைந்து.
பென்சிலால் எழுதி, நம்பாமல்
மறுபடி அளந்தேன். அதேதான்.
மாதரசி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பதுபோல்
கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.
"கையை இறக்கலாம்மா, இது காலுக்கு."

காரைக்குடி, தகரக் கூரைப் பளுதூக்கும் கூடம்.
ஏப்ரலில் கம்பியைத் தொட்டாலே சுடும்.
ஐம்பத்தெட்டு கிலோவில் ஏழு வாரமாக நிற்கிறாள்.
தலைக்குமேல் ஏந்தி, குந்தி, எழும்போது
உடம்பு முன்னால் சரிகிறது,
கம்பி தரை அதிர விழுகிறது.
பயிற்சியாளர் வயிரவனிடம் இருப்பது ஒரே வசனம்:
"நெஞ்சத் தூக்கு! நெஞ்சத் தூக்கு!"
சோம்பல் என்கிறார். பயம் என்கிறார்.
ஒருநாள் அவள் தின்ற இட்லியைக் குறை சொன்னார்.

சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன்,
மூன்று கோடு, இரண்டு மூட்டு.
நீளத் தொடை மடங்கினால் இடுப்பு பின்னே போகும்;
போன இடுப்புக்கு ஈடாக
முதுகு முன்னே வந்தாக வேண்டும்.
பாதத்தின் நடுவை விட்டுப் பாரம் விலகினால்
விழப்போவது கம்பியா ஆளா என்பதுதான் மிச்சம்.
"இது பயமில்லை சார். எலும்பு."
படத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.
"எனக்குக் குட்டைத் தொடை" என்றார்,
பழைய குற்றமொன்றை ஒப்புக்கொள்வதுபோல்.

கணுக்கால் இருபத்தெட்டு பாகைக்கு மேல் மடங்கவில்லை.
எலும்பை அறுக்க முடியாது. தரையை உயர்த்தலாம்,
குதிகாலுக்கடியில் இரண்டு சென்டிமீட்டர்.
அதற்கென்று விற்கும் ஷூவின் விலை
அவள் அம்மாவின் ஒரு மாதக் கூலி.

பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போனேன்.
பீங்கான் ஜாடிக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவே
பர்மாத் தேக்குத் துண்டொன்றை எடுத்துப் போட்டார் கடைக்காரர்.
"எந்தக் கதவுக்கு?"
"குதிகாலுக்கு."
காசை எண்ணி முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை.
ஏதோ வீட்டு நிலையின் மேல்கட்டை அது.
எத்தனை பேரைக் குனிய வைத்ததோ.

சரிவாக இழைத்து, கான்வாஸ் ஷூவில் ஒட்டினோம்.
முதல் நாள் ஐம்பத்தெட்டு நின்றது. அறுபது விழுந்தது.
மறுநாளும் அறுபது விழுந்தது,
ஆனால் பின்பக்கமாக.
வயிரவன் அதற்கே கைதட்டினார்.

சாயங்காலம் அவள் அம்மா பஞ்சவர்ணம் வந்தாள்
புதுவயல் ரைஸ்மில்லிலிருந்து, தலைமுடியில் தவிடோடு.
ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்னையும் அளங்க.
மில்லுல மூட்டையத்தான் நிறுப்பாக."

அதே நீளத் தொடை. அதே வீம்புக் கணுக்கால்.
உயரம் நூற்றைம்பத்தொன்று.
என் படிவத்தில் அவளுக்குக் கட்டமில்லை;
'விளையாட்டு' என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுப்
பின்பக்கம் எழுதினேன்.
முழங்கால் எப்போது வலிக்கும்?
"சொமக்கயில இல்ல. தூக்கயில.
மூட்டை எடுக்குற மேடைய ஒரு சாண் ஒசத்திட்டா
குனியாம தோள்ல வாங்கிக்கிருவோம்.
இதுக்கு அளக்க வேற வேணுமாக்கும்."

யார் சாண் என்று கேட்டேன்,
முதலாளி கேட்பாரே.
கையை மேசைமேல் விரித்தாள்.
பதினெட்டரை.
எண்சாண் உடம்பென்றால் நூற்று நாற்பத்தெட்டு:
பழமொழி மூன்று சென்டிமீட்டர் பிசகு.

கடிதம் போட்டாயிற்று,
மேடையைப் பதினெட்டரை சென்டிமீட்டர் உயர்த்தவும் என்று.
பதில் இல்லை.

சனிக்கிழமை மகளிடம் சொல்லியனுப்பியிருந்தாள்:
செங்கல் ரெண்டு வரிசை நாங்களே அடுக்கிக்கிட்டோம்,
பதினாறு வந்திருக்கு,
மிச்சம் ரெண்டரைக்கு
அந்தத் தேக்குல துண்டு கிடக்கா?