வால்

தார்த்து நகரில் பனி உருகாத மார்ச்.
நாற்பத்தொன்றாம் இழுப்பறையில் ஒரு நாய்:
ஆறு கால், பீட்ரூட் சாற்றில் நாக்கு,
வால் இல்லை.
"பால் ரசீதின் பின்புறம், பென்சில், 1971.
வரைந்தவர் வயது ஐந்து. குறையேதும் இல்லை"
என்று அட்டையில் லீலோவின் கையெழுத்து.

பேருந்து ஓட்டுகிற உர்மாஸ்
சீருடையோடு வந்தார், இடைவேளை இருபது நிமிஷம்.
கண்ணாடிமேல் மூச்சுப் படரக் குனிந்தவர்,
"சூப் ஆறுகிறதென்று கூப்பிட்டுவிட்டார்கள்.
வால் பாக்கி.
ஒரு பென்சில் கிடைக்குமா?"

தொடக்கூடாது என்றாள்.
சொல்லும்போதே அவள் விரல்
சட்டைப்பையில் பென்சிலைத் தேடிவிட்டது.

வருகைப் பதிவேட்டில்
பெயர்க் கட்டத்தில் தொடங்கி
ஊர், தேதி, கருத்து எல்லாம் தாண்டிச்
சுருண்டு கிடக்கிறது,
கொஞ்சம் நடுங்கிய கோடு.

மாலையில் லீலோ அட்டையை எடுத்து
"குறையேதும் இல்லை" என்பதை அடித்துவிட்டு
எழுதினாள்:
வால், வாசல் மேசையில்.