பதினான்காவது கட்டம்

கேள்வித்தாள் என் கையில்.
பேராசிரியர் நான்.
கையுறையில் கிரீஸ், கழுத்தில் விசில்,
கீழ்த்தளத்தில் செம்மறி லாரி மூன்று, சங்கிலியில்.
போர்வெனிர் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம்,
காற்று மனசு வைத்தால்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன்,
என் நாக்குக்கு ஏற்றபடி
அவளே எழுத்துக் கூட்டிக் கொடுத்த ஆங்கிலத்தில்.
யஸ்னா காப்பி இயந்திரத்தை அணைத்தாள்.
ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்து
நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
நான்கு வருடமாக எனக்குச் சில்லறை பாக்கி வைக்கிறவள்
யாரோ போலப் பேச ஆரம்பித்தாள்.
எனக்குப் புரிந்தது "மகல்லனஸ்" ஒன்றுதான்.
தலையாட்டினேன்.
அவர்கள் தலையாட்ட மாட்டார்கள் என்றாள்.
நிறுத்தினேன்.

நாளை விடிகாலை நான்கு மணி.
பின்லாந்தில் அப்போது பத்து.
அவள் அக்கா வீட்டுச் சமையலறையில்தான்
இணையம் அறுந்துபோகாமல் இருக்குமாம்.
முதுகுக்குப் பின்னால் தொங்கும் வெங்காயச் சரத்தை
எடுத்துவிடலாமா வேண்டாமா என்பதற்கே
கால் மணி நேரம் போனது.
முடிவாகவில்லை.

இரண்டாம் சுற்று ஸ்பானிய மொழியில், எனக்காக.
சதுப்புப் பாசி என்றாள்.
பிடுங்கிய இடத்தில் திரும்ப வளர
எத்தனை ஆண்டு ஆகும் என்பதுதான் கேள்வி.
விடுமுறை நாளிலெல்லாம் போய்
மீட்டருக்கு மீட்டர் முப்பது கட்டம் அளந்து
கொடி நட்டு
ஐந்து குளிர்காலம் குனிந்து பார்த்திருக்கிறாள்.
முப்பது என்று வரும்போதெல்லாம்
குரல் சறுக்கியது,
உறைந்த இரும்புப் படியில் கால் போல.

எட்டாம் கேள்வி தாளில் இல்லை.
நானாகக் கேட்டேன்:
முப்பதும் இருக்கிறதா?

கப்பல் ஓர் அலை ஏறி இறங்கியது.
சர்க்கரைப் பொட்டலங்கள் மேசையில் நகர்ந்தன.
"இருபத்தொன்பது" என்றாள்.
பதினான்காவதை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்,
கொடியோடு.
அட்டவணையில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.
கேட்டால் சொல்வேன்.
கேட்காவிட்டால்,
என்று ஜன்னலைப் பார்த்தாள்.

எந்த இடம் என்றேன்.
வேலி முறிந்ததற்கு மேற்கே,
லெங்கா மரம் ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்குமே.

எனக்கு அந்த மரம் தெரியும்.
கப்பல் பழுதுக்குப் போன குளிர்காலம்.
கூலி இல்லாத இரண்டு மாதம்.
மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்க ஒருவன் வருவான்,
கடல் தாண்டி எங்கோ
ஆர்க்கிட் பூவுக்கு அடியில் வைக்கவாம்.
கவைக்கோலால் குத்தி இழுத்தால்
நனைந்த கம்பளி போல வரும்.
அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கொடி இருந்தது.
பையன் சைக்கிளில் கட்டினேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சங்கிலிகளைச் சரிபார்க்கும் நேரமும் வந்திருந்தது.
சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன்.
கேள்வித்தாளை என் விரலிலிருந்து உருவிப்
பின்பக்கம் திருப்பினாள்.
எந்த மாதம்?
எவ்வளவு ஆழம்?
வேரோடா, மேலாகவா?
பாசிக்கு வேர் ஏது என்று தன்னையே திருத்திக்கொண்டாள்.
கவைக்கோலுக்கு எத்தனை பல்?
அடியில் தண்ணீர் தெரிந்ததா?
அடுத்த வருடமும் அங்கேயே போனீர்களா?
எனக்கு வியர்த்தது.
மாதம் ஜூலை. முழங்கை ஆழம்.
தண்ணீர் ஞாபகமில்லை என்றேன்.
"ஞாபகமில்லை" என்று அப்படியே எழுதி
அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

விசில் வந்தது. என்னுடையது அல்ல, மேலே கேப்டனுடையது.
பாலம் இறங்க, குளிர் உள்ளே வர,
செம்மறிகள் ஒரே குரலில் கத்த,
கீழே ஓடினேன்.
படியின் உச்சியிலிருந்து அவள்:
"எலியாசர், அந்தக் கொடி இன்னும் இருக்கிறதா?"

சைக்கிளை விற்றே இரண்டு வருடம் ஆகிறது.
முதல் லாரியின் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே
யாருக்கு விற்றேன் என்று கத்தினேன்.
அந்தக் காற்றில்
அவளுக்குக் கேட்டதோ என்னவோ.