ரோங்கா

தாழ்ந்து, சொரசொரத்து,
தொண்டையின் அடிவாரத்திலிருந்து கிளம்பும் எதற்கும்
சிலோயே தீவில் இந்தச் சொல் போதும்.
ஆண்பாலில் ரோங்கோ, பெண்பாலில் ரோங்கா.
முதல் எழுத்தை நாக்கு நடுங்க உருட்ட வேண்டும்.

தைராய்டை எடுத்த பத்தாம் நாள்
எதுவினா பர்ரியாவின் சீட்டில்
குரல் என்ற கட்டத்துக்கு எதிரே
செவிலி எழுதினாள்: ரோங்கா.
மடித்து, டீசல் துடைக்கும் துணிக்கடியில் செருகினாள்.

அவள் பட்டறையில் இது தினமும் புழங்குகிற சொல்.
உறைந்த காலையில், முதல் இழுப்புக்கு
இரட்டை சிலிண்டர் இயந்திரம் ரோங்கோ.
தெற்குக் காற்றடித்தால் கால்வாய்க்கு அப்பால் கடலும் ரோங்கோ;
யாரும் கடலை மருத்துவரிடம் காட்டுவதில்லை.
மூடுபனியில் படகுச் சங்கு அப்படித்தான் இருக்கவேண்டும்,
கீச்சென்று ஒலித்தால் பயப்படலாம்.

மீன்துறையில் இருவர் முட்டிக்கொண்டால்
மூன்றாமவன் கேட்பான்:
"இங்கே ரோங்கா யார்?"
யார் வைத்தது சட்டம் என்று பொருள்.

அதே சொல் வினையாகவும் வரும்.
ரோங்கா: குறட்டை விடுகிறான்.
நிகழ்காலம், படர்க்கை, ஒருமை.

பத்தொன்பது வருடம் பெலார்மீனோ
அவளுடைய இடது காதுக்குள் அந்த வினையை நடத்தினான்.
முழங்கையால் இடித்தால்
"நானா?" என்பான். பாதிக் கேள்வியிலேயே மறுபடி தொடங்கிவிடும்.
மார்ச்சில் சால்மன் ஆலை வேலைக்கென்று தெற்கே போனான்.
ஜூனில், திரும்பப்போவதில்லை என்று
அவன் அக்கா வந்து சொல்லிவிட்டு
ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் வைத்துப் போனாள்.

பெலார்மீனோ குறட்டை விடுகிறான்.
இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை,
பொய்யும் இல்லை.
எங்கோ இன்னொரு முழங்கை விழித்திருக்கிறது.
தகர கூரையில் மழை. அவளுக்கும் தூக்கமில்லை,
ஆனால் காரணம் வேறு என்று
சுவரிடம் சொல்லிப்பார்த்தாள். புதுக் குரல்
சொன்னதை நம்பும்படி சொன்னது.

காலை ஆறரைக்குத் தொலைபேசி.
"ஐயா, பட்டறைக்காரம்மா இருக்காங்களா?"
ஐயாவைத் திருத்தவில்லை அவள்.
"இயந்திரம் என்ன சத்தம் போடுது?"
அந்தப் பக்கம் ஒரு வயதான மட்டிக்காரர்
கூச்சத்தோடு தொண்டையைச் செருமி
உறுமிக் காட்டினார்.
"இப்படியா?" என்று
எதுவினா உறுமினாள்,
அரைச் சுருதி கீழே, நடுவில் ஒரு தடுக்கலோடு.

"அதே! அதேதான்!"

"டீசல் பம்ப்," என்றாள். "ஓட்டாதீங்க. வர்றேன்."