இருபது டிகிரி

பாயான் லெப்பாஸில் என் அறைக்கு
வருடம் முழுக்க இருபது டிகிரி.
வெளியே வெயில் முப்பத்து நாலில் கொதிக்க
உள்ளே நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து
ஓர் எஃகுக் கட்டையின் நீளத்தை
இன்னோர் எஃகுக் கட்டையால் சரிபார்ப்பேன்.
சூட்டில் இரும்பு நீளும்.
ஒரே சூட்டுக்குக் கொண்டுவராமல்
இரண்டை ஒப்பிடுபவன் பொய் சொல்கிறான்.
எங்கள் தொழிலின் முதல் பாடம் இது.

சுங்கை நிபோங் மாமாக் கடையில்
நள்ளிரவில் கூடுபவர்களுக்கு அந்தப் பாடம் கிடையாது.

மேசையைத் தட்டுகிறார் புஷ்பநாதன்:
"தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது நாலு.
பேச்சு முடிஞ்சது."
"பெரும்பாலும் ஒரே நாட்டுக்கு எதிரா அடிச்சது அது."
"மூடாத பிட்ச்சுலடா. மழை பேஞ்ச மறுநாள் நீ நின்னு பாரு."
"ஹெல்மெட் இல்லாம, சூயிங்கம் மென்னுக்கிட்டே
வேகப்பந்துக்காரனுக்கே பயம் காட்டின மனுசனை
மறந்துட்டீங்களே லா," யோகேஸ்.
தே தாரிக்கை வைத்துவிட்டுப் போகிற போக்கில்
"நூறு செஞ்சுரி" என்கிறான் பரிமாறும் பையன்.
அவனை யாரும் கேட்கவில்லை.

மெலிந்த பழைய மட்டையைக்
கட்டை பருத்த புது மட்டையோடு நிறுத்து,
கயிறு போட்டு உள்ளே இழுத்த எல்லைக்கோட்டுக்கு
இத்தனை ரன் கழித்து,
வாரக்கணக்காய்க் கப்பலில் ஆடி வந்திறங்கிய கால்களுக்கு
இத்தனை ரன் கூட்டி,
ரொட்டி சானாய் ஆறுகிறது.
செத்தவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள்,
யாருமே அவுட் ஆவதில்லை.

"எத்தனை டிகிரியில்?" என்று கேட்டேன்.
"அக்காவுக்குத் தூக்கம் வந்திருச்சு" என்றான் யோகேஸ்.

ஞாயிற்றுக்கிழமை,
மூன்றாம் மாடியில் துணி காயப்போட வந்தவள்
கையில் ஈரச் சட்டையோடு நின்றுவிட்டேன்.
கீழே கார் நிறுத்துமிடம்.
பால் பெட்டிதான் ஸ்டம்ப்.
மட்டை பிடித்து நிற்பவன் மொனிருல்,
என் அறைக் கண்ணாடிக்கு வெளியே
தினமும் தள்ளுவண்டி ஓட்டிப் போகிறவன்.

வாளிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே
ஒரு சாண் சந்து.
தலை பந்தின்மேல் கவிய, முன்கால் மெல்ல மடங்க,
அடித்தான் என்றே சொல்ல முடியாது,
வழி காட்டிவிட்டான்.
டேப் சுற்றிய பந்து அந்தச் சந்தில் நுழைந்து
சாக்கடை மூடியில் போய் நின்றது.
சட்டையிலிருந்து என் பாதத்தில் சொட்டிய நீரை
அப்புறம்தான் உணர்ந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எட்டிப் பார்த்துக் கத்தினேன்:
"பதினொன்று!"
நிமிர்ந்து பார்த்தான்.
"செம்பிலான், காக்."
ஒன்பதாம்.
மைவி கார்க் கண்ணாடியில் பட்ட இரண்டு
அவர்கள் சட்டத்தில் சேராதாம்.
பந்து போட்டவன் ஏழு என்றான்,
ஒன்று மட்டையில் படவே இல்லை, தொடையில் பட்டது என்று.
மோட்டார் சைக்கிள்காரர் பாக் ஸைனோல்
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
முதல் பந்திலேயே அவுட் என்றார்.

நான் அளப்பவள்.
மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்குக்
கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.
கண்ணெதிரே நடந்தது,
கால் மணி நேர ஆட்டம்,
நாலு சாட்சி, நாலு கணக்கு.

திங்கட்கிழமை.
கட்டையை எடுத்துத் தட்டில் வைத்தாயிற்று.
உடனே அளக்கக் கூடாது.
தொட்ட கையின் சூடு அதில் ஏறியிருக்கும்,
இறங்கும்வரை சும்மா உட்கார வேண்டும்.
உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு வெளியே தள்ளுவண்டி நிற்கிறது.
ஒரு விரலை மடக்கி
ஒன்பதைக் காட்டுகிறான் மொனிருல்.
கையுறை போட்ட பத்து விரலையும் விரிக்கிறேன்,
அப்புறம் ஒன்று.