இசட் டிரைவ்

எட்டு ஒன்றுக்குப் பொத்தானை அழுத்துவேன்.
எட்டுப் பதினெட்டுக்குத்தான்
சுட்டியின் அம்பு நகரச் சம்மதிக்கும்.
நடுவில் நீலத்திரையில் ஒரு வட்டம்
தன் வாலைத் தானே துரத்தும்.

பினாங்கு, லெபு பந்தாய், மூன்றாம் மாடி.
கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம்.
கீழே கோப்பிக் கடை.
அந்தப் பதினேழு நிமிடத்தில்
நானும் கக் ஸபேதாவும்
ஆளுக்கொரு கோப்பி ஓ,
பாதிப் பாதி ரொட்டி பாக்கார்,
அவள் மருமகளைப் பற்றி ஓர் அத்தியாயம்
எல்லாம் முடித்துப் படியேறி வந்தாலும்
வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தவுக்கேக்குப் பொறுக்கவில்லை.
கொம்தாரிலிருந்து ஒரு பையன் வந்தான்.
மூடியைக் கழற்றி ஊதினான்.
தூசியோடு ஒரு பல்லிமுட்டை ஓடு விழுந்தது.
புது டிஸ்க், முந்நூற்று எண்பது ரிங்கிட் என்றான்.
தவுக்கே கால்குலேட்டரைப் பார்த்தார்,
அப்புறம் என்னைப் பார்த்தார்.
"நளாயினி, நீயே பாரேன்லா."

சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
ஆனாலும் பார்த்தேன்.
மூன்று விசையைச் சேர்த்து அமுக்கினால்
ஒரு பட்டியல் திறக்கிறது:
இயந்திரம் கண்விழிக்கும்போதே
கூடவே எழுந்து நிற்பவர்கள்.
எத்தனை பேர்!
என்றோ எரிந்துபோன பிரிண்டரின் காவலாள்,
ஒருவரை ஒருவர் சந்தேகித்தபடி
காலாவதியான வைரஸ் காப்பாளர் இருவர்,
யாரும் பேசாத அரட்டைச் செயலி,
சீனப் புத்தாண்டுக்குத் திரையில் பட்டாசு வெடிக்க
யாரோ போட்டுவைத்த ஒன்று.
ஒவ்வொருவராய் உட்காரச் சொன்னேன்.
மறுநாள் கைப்பேசியில் அளந்தேன்:
பதினாலு நிமிடம் இருபது விநாடி.
இவ்வளவு பேரை உட்கார வைத்தும்
மூன்று நிமிடம்கூடக் குறையவில்லை.

பிறகு நிகழ்வுப் பதிவுக்குள் போனேன்.
சிவப்பு வரிகள்.
தேதிதான் வேறு, வரி ஒன்றேதான்:
இசட் டிரைவை அடைய முடியவில்லை, மீண்டும் முயல்கிறது.
மீண்டும் முயல்கிறது.
மீண்டும்.

இசட் என்றால் பட்டர்வொர்த்.
அக்கரையில், ஃபெர்ரி தூரத்தில்
எங்கள் கிளை இருந்த கடைவீடு.
மூடி இரண்டு வருடம்.
இப்போது அங்கே நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
இதற்கு யாரும் சொல்லவில்லை.
தினமும் விழித்ததும் முதல் வேலையாய்
அக்கரைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப்
பதில் வரட்டும் என்று
மரியாதையாய் நின்றிருக்கிறது.

உடனே அழித்துவிடவில்லை.
தேவையான கோப்பு ஏதும் இருந்திருக்குமோ என்று
அங்கே வேலைபார்த்த புண்ணியமூர்த்தியை அழைத்தேன்.
கிராப் ஓட்டுகிறான். பாலத்தின் மேல் இருந்தான்.
பின்சீட்டில் யாரோ மலாயில் போனில் சண்டை.
"அந்தக் கம்ப்யூட்டரா? பிறையில
கிலோ கணக்குல போட்டாச்சு அக்கா.
ஏன், யாராச்சும் தேடுறாங்களா?"
ஒருத்தரும் இல்லை என்றேன்.
இதுதான் தேடுது என்றேன்.
சிரித்தான்.
சிரிப்பு பாதியில் நின்று
"என் கடைசி மாச ஓ.டி. கணக்கு
அதுலதான் இருந்துச்சு" என்றான்.
சண்டைக்காரர் இறங்குமிடம் கேட்க
வைத்துவிட்டான்.

அந்த மாதமும் சம்பளம் போட்டவள் நான்தான்.
கோப்பு திறக்கவில்லை.
அவன் பெயருக்கு நேரே
சைபர் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.
ஒரே ஒருமுறைதான் முயன்றேன்.

'துண்டி' என்று ஒரு சொல் இருக்கிறது.
அழுத்தினேன்.
நாற்பத்தோரு விநாடி.
தவுக்கே முந்நூற்று எண்பதைக் கையில் வாங்கியவர்போல்
சிரித்தார்.
கக் ஸபேதா பர்ஸைக் கையில் எடுத்து நின்றாள்,
விழித்துவிட்ட திரையைப் பார்த்தாள்,
மறுபடி உட்கார்ந்தாள்.

இப்போது காலையில் எனக்குப் பதினாறு நிமிடம் மிச்சம்.
வருகை அட்டைகளை எறிந்திருக்க மாட்டார்கள்.
கழிப்பறைக்குப் பக்கத்து அலமாரி,
ஈரம் ஏறிய மூன்றாவது பெட்டி.
புண்ணியமூர்த்தி, ஏப்ரல் இருக்கிறது.
மே இருக்கிறது.
ஜூன், ஊதா மை, ஒன்பதே முக்காலுக்குக்கூட
வெளியே போன நாட்கள்.
அடுத்த அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது.
நகத்தால் மெதுவாய்ப் பிரிக்கிறேன்,
அது வேறு யாருடையதோ.