ஒன்றரை விநாடி இருட்டு

அன்கூட் துறைமுகப் பள்ளியில் எனக்கு இட்ட வேலை
பழைய ஸ்லைடுகளை இணையப் பக்கங்களாக்குவது.
ஜூன் மாதம், தென்சிலியின் குளிர்காலம்,
ஜன்னலில் மழை சாய்ந்து அடிக்கிறது.
மீன்பிடிச் சட்டம், கயிற்று முடிச்சு, முதலுதவி
எல்லாம் சொன்னபடி மாறின.
அறுபத்து நான்காவது கோப்பு எடெல்மிரா பாரியாவுடையது.

திறந்தால் மஞ்சள் வட்டம்.
அடுத்தது வெறும் கறுப்பு.
மறுபடி மஞ்சள். மறுபடி கறுப்பு.
தலைப்பில்லை, எழுத்தில்லை, இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள்,
யாரோ விசைப்பலகையில் தலைவைத்துத் தூங்கிவிட்ட மாதிரி.
கறுப்பையெல்லாம் வெற்று என்று நினைத்தேன்.
அழித்தேன்.
கோப்பு பாதியாய் இளைத்ததில்
கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

நனைந்த கம்பளித் தொப்பியோடு வந்தவள் உட்காரவில்லை.
திரையில் வட்டம் அசையாமல் நிற்க,
கீழே ஓர் அம்பு, தொட்டால்தான் நகரும்.
தொட்டாள். மஞ்சள்.
தொட்டாள். மஞ்சள்.
"இது யார் வீட்டு அடுப்படி?" என்றாள்.
"கடலில் நின்று எரிவது கரைவீட்டு விளக்கு.
அதை நம்பி வருகிறவன்
படகைக் கோழிக்கூண்டில்தான் கட்டுவான்."

பிறகு என் பென்சிலை எடுத்து மேசையில் தட்டினாள்.
புன்டா சோர்தா கலங்கரை விளக்கம்:
அரை விநாடி ஒளி, ஒன்றரை இருட்டு,
இன்னொரு அரை,
அப்புறம் ஏழரை விநாடி ஒன்றுமே இல்லை.
குறில், குறில், பின் நெடுநேரம் மூடிய வாய்.
தெற்கே போனால் இன்னொரு விளக்கம்,
அதே மஞ்சள், அதே வட்டம், இருட்டு வேறு.
"வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், சரி.
எண்ணுவது எதை?"

பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

நல்லவேளை, மூலக்கோப்பைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை.
ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் அவள் வைத்த நேரம்
யாரும் படிக்காத சீட்டாய்க் கிடந்தது.
மாற்றி நிரல் படங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு
நேரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.
ஒவ்வொரு பக்கத்திலும் கையால் எழுதினேன்:
இத்தனை விநாடி நில், தானே அடுத்ததற்குப் போ.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை.
விளக்குகள் சிமிட்டத் தொடங்கின,
நானும் காபி போட எழுந்தேன்.

மறுநாள் லோபோஸ் தீவிலிருந்து செய்தி.
படகோட்டித் தேர்வுக்குப் படிக்கும் இஸ்மேனியா,
சிப்பி மூட்டையில் கைபேசியைச் சாய்த்துப் பார்த்தாளாம்.
"இரண்டாவது ஒளி தாமதம். இது சோர்தா இல்லை.
இடப்பக்கம் திருப்பிப் பாறையில் ஏற்றிவிட்டேன்,
என் சமையலறையில்."

தீவில் சிக்னல் மெலிவு.
அடுத்த இருட்டு அன்கூட்டிலிருந்து
மழையில் நனைந்து போய்ச் சேருமட்டும்
பழைய வெளிச்சமே எரிந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்தேன்.
ஒரே பக்கம். கறுப்பை முதலில் அனுப்பினேன்,
அதன்மேல் மஞ்சள் வந்து வந்து போகும்படி.
எந்த ஒளியும் இனி வழியில் காத்து நிற்காது.

இரவு பதினொன்றரைக்கு எடெல்மிரா வந்தாள்.
திரையைப் பார்க்கவில்லை.
முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள்,
சுவரில் மஞ்சள் விழுவதும் எழுவதுமாய்,
உதடுகள் மட்டும் அசைய.
ஐந்து சுற்று. ஆறு.
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

"ஏழரை, ஏழே முக்காலாக இருக்கிறது," என்று சொல்லி
கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.
ஏழரை யாரை எளிதில் விட்டிருக்கிறது?
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.